அமைச்சர் பெயரைப் பென்சிலில் எழுதும் கடை

மலேசிய அமைச்சுகள் இருக்கும் புத்ராஜெயாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அது சேர வேண்டிய மேசைக்கே போய்ச் சேர வேண்டும் என்றால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் இருக்கும் இந்தக் கடைக்குப் போங்கள். அழைப்பிதழில் நல்ல தமிழ் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பாருங்கள். என் மதிப்புரை இவ்வளவுதான். மீதி, காரணம் கேட்பவர்களுக்கு.

கடையின் பெயரை எழுதவில்லை. கீழே குறைகளும் வருகின்றன; பெயரைப் போட்டுக் குறை எழுதினால் அந்த அம்மாள் அடுத்த முறை எனக்குத் தேநீர் தர மாட்டார். அடையாளம் வேண்டுமானால், கீழே பூமாலை கட்டும் கடை, அதன் பக்கத்தில் குறுகலான படிக்கட்டு, ஏறியதும் இடப்பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே நகலெடுக்கும் இயந்திரங்கள், காகிதம் வெட்டும் பழைய இயந்திரம், கணினிகள், சுவரோரமாகக் கட்டுக் கட்டாகக் கோயில் ரசீதுப் புத்தகங்கள். அடையாள அட்டை நகல், படிவம் நிரப்புதல், கல்யாணப் பத்திரிகை, கருமகிரியை அட்டை என எல்லாமே செய்கிறார்கள். அதற்கெல்லாம் இந்த வட்டாரத்தில் வேறு கடைகள் உண்டு, இதைவிட மலிவாகவும் உண்டு. இந்தக் கடைக்கே உரிய கைவேலை ஒன்றுதான்: அமைச்சுகளுக்கு மலாயில் கடிதம் எழுதுவது, அமைச்சர்களுக்கு முறைப்படி அழைப்பு அனுப்புவது.

நான் அஞ்சல் துறையில் கடிதம் பிரித்துப் பிரித்தே ஓய்வு பெற்றவன். முகவரி தவறிய உறையைப் பார்த்தால் எனக்கு இன்றும் கை பரபரக்கும். இப்போது எங்கள் அடுக்குமாடி வீடுகளின் குடியிருப்பாளர் சங்கத்துக்குச் செயலாளர். சம்பளம் இல்லாத வேலை, ஏச்சு மட்டும் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விழா வைக்கிறோம். அதற்குத் தலைமை விருந்தினர் ஒருவரை அழைக்க வேண்டும். கூடவே கூடாரம், நாற்காலி, மண்டபம் என்று உதவி கேட்டுப் பல இடங்களுக்குக் கடிதம் போக வேண்டும். இதற்குத்தான் இந்தக் கடை.

அமைச்சர்கள் பட்டியல் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, அதற்கு ஒரு கடை எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் சங்கத்திலும் ஓர் இளைஞர் அப்படித்தான் கேட்டார். கைப்பேசியே எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றையும் கொண்டுவந்தார். மலாய் அழகாக இருந்தது. ஆனால் அது போக வேண்டிய அமைச்சு அந்தப் பெயரில் இரண்டு ஆட்சிகளுக்கு முன்பே இல்லாமல் போயிருந்தது.

கடையின் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கிறது. அச்சடித்ததன்று, அந்த அம்மாள் தம் கையால் கோடு போட்டது. முதல் கட்டத்தில் அமைச்சின் பெயர், அடுத்து அமைச்சர், அவர் கட்சி, பிறகு துணையமைச்சர், அவர் கட்சி, கடைசியில் இருவருடைய நாடாளுமன்றத் தொகுதி. கட்சிக்கு ஒரு வண்ணப் புள்ளி. கூர்ந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். தொகுதிகள் மட்டும் பேனாவில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆள்களின் பெயர்கள், அமைச்சின் பெயர் உட்பட, எல்லாம் பென்சிலில். சில கட்டங்களில் அழிரப்பர் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் மெலிந்து சுவரின் பச்சை தெரிகிறது. அப்படி மெலிந்த கட்டங்களில் ஒன்று தண்ணீருக்குப் பொறுப்பான அமைச்சு. 2018இல் சேவியர் ஜெயகுமாரிடம் அது நீர், நிலம், இயற்கை வளம் என்ற பெயரில் இருந்தது. 2020இல் சுற்றுச்சூழலோடு சேர்ந்தது. 2022இல் இயற்கை வளம், சுற்றுச்சூழல், பருவநிலை மாற்றம் என்று நீண்டது. 2023 டிசம்பரில் தண்ணீர் அங்கிருந்து கழன்று எரிசக்தியோடு சேர்ந்து துணைப் பிரதமர் ஃபடில்லா யூசோப்பிடம் போயிற்று. குழாயில் வருவது அதே தண்ணீர்தான். உறையின் மேல்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

இதைவிட எங்களுக்கு நெருக்கமான உதாரணம் கூட்டரசுப் பிரதேசம். நாங்கள் கோலாலம்பூர்வாசிகள். எங்களுக்கு மந்திரி புசார் (மாநில முதல்வர்) இல்லை, சட்டமன்றம் இல்லை. எதற்கும் கூட்டரசு அரசாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே எங்கள் பொங்கல் அழைப்பில் முதல் கடிதம் எப்போதும் கூட்டரசுப் பிரதேசத்துக்குப் பொறுப்பானவருக்குத்தான். 2018இல் அந்தப் பொறுப்பில் அமானா கட்சியின் காலிட் சமாட். 2020 மார்ச்சில் அம்னோவின் அனுவார் மூசா. 2021 ஆகஸ்டில் அதே கட்சியின் ஷஹிடான் காசிம். 2022 டிசம்பரில் தனியாக அமைச்சர் என்று யாரும் இல்லை, பொறுப்பு பிரதமர் துறைக்குள் அடங்கிவிட்டது. 2023 டிசம்பரில் பிகேஆரின் (மக்கள் நீதிக் கட்சி) டாக்டர் ஸலிஹா முஸ்தபா. 2025 டிசம்பரில் ஜ.செ.க.வின் (ஜனநாயக செயல் கட்சி) ஹன்னா இயோ. எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு பிரதமர்கள் வந்தார்கள், கூட்டணிகள் கூடிக் கலைந்தன, எங்கள் சங்கத்தின் கோப்பு ஒன்றே ஒன்றுதான். அந்தக் கோப்பைப் புரட்டினால் நாட்டின் அரசியல் வரலாறு கடித முகப்பிலேயே கிடைக்கும்.

எங்கள் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அம்னோ தலைமையிலான தேசிய முன்னணியும் கூட்டணிதான், ஆனால் அசையாத கூட்டணி. யாருக்கு எந்த நாற்காலி என்பது கிட்டத்தட்ட எழுதி வைத்தது போலிருந்தது. இந்தச் சாலைக்குப் பெயர் தந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன், 1955இல் தேசிய முன்னணிக்கு முன்னோடியான துங்கு அப்துல் ரஹ்மானின் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றபோது தொழிலாளர் அமைச்சராக உள்ளே போனவர். பிறகு சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, ஒருமைப்பாடு என்று 1974 வரை அமைச்சரவையில் இருந்தார். அவருக்குப் பின் டான்ஸ்ரீ மாணிக்கவாசகம். அவருக்கும் பின் துன் சாமிவேலு 1979 முதல் 2008 வரை. இடையில் 1989 முதல் 1995 வரை எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சராக அவர் இருந்தபோது, நான் பிரித்த கடிதங்களுக்கும் அவர்தான் அமைச்சர். 1992இல் எங்கள் துறையை நிறுவனமாக மாற்றியதும் அந்தக் காலத்தில்தான். அதற்கு முன்னும் பின்னும் பொதுப்பணி அமைச்சராக இருந்தவரும் அவர்தான். அன்றைக்குப் பொதுப்பணி அமைச்சருக்கு என்று உறைகளை ஆயிரக்கணக்கில் அச்சடித்து வைத்தாலும் வீணாகியிருக்காது. 2008இல் அவர் சுங்கை சிப்புட்டில் தோற்றார். இன்று அந்தப் பொதுப்பணி அமைச்சு சரவாக்கின் ஜிபிஎஸ் கூட்டணியைச் சேர்ந்த அலெக்சாண்டர் நந்தா லிங்கியிடம் இருக்கிறது. நம்மவர்களில் சிலர் இன்னும் சாலையில் குழி விழுந்தால் ம.இ.கா.வைத்தான் தேடுகிறார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். அந்த அம்மாளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். நான் அவரை ‘அம்மா’ என்கிறேன், அவர் என்னை ‘ஐயா’ என்கிறார். அரசியல் மேடைப் பேச்சு அவருக்குப் பிடிக்காது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஆனால் 2022 டிசம்பர் 2ஆம் தேதி பிரதமர் அன்வார் அறிவித்த அமைச்சரவையை அவர் எனக்கு விளக்கிய விதத்தை எந்தப் பத்திரிகையிலும் நான் படிக்கவில்லை. ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் எண்களாக எழுதினார்.

222 இடங்கள். ஆட்சிக்கு 112 வேண்டும். நவம்பர் 19ஆம் தேதி தேர்தலில் அன்வாரின் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு, மூடா கட்சியின் ஒன்றையும் சேர்த்து, 82. தேசிய முன்னணிக்கு 30. கூட்டினால் சரியாக 112, ஒருவர் தும்மினாலும் கவிழும். ஜிபிஎஸ் கட்சிகளின் 23, சபாவின் ஜிஆர்எஸ் கூட்டணியின் 6, வாரிசான் கட்சியின் 3, சிறு கட்சிகளும் சுயேச்சைகளுமாக 4 என்று சேர்ந்து, கடைசியில் மூன்றில் இரண்டு பங்கான 148 வந்தது. இனி அமைச்சர்களைப் பாருங்கள். பிரதமரையும் சேர்த்து 28 பேர். பக்காத்தானுக்கு 15, தேசிய முன்னணிக்கு 6, ஜிபிஎஸ்ஸுக்கு 5, ஜிஆர்எஸ்ஸுக்கு 1, கட்சி சாராதவர் 1. பக்காத்தானுக்கு உள்ளே பிரித்தால்தான் வேடிக்கை. 31 இடங்கள் வைத்திருந்த பிகேஆருக்கு 8 அமைச்சர்கள். 40 இடங்களோடு அரசாங்கத்திலேயே பெரிய கட்சியாக இருந்த ஜ.செ.க.வுக்கு 4. அதே நேரம் 23 இடங்கள் கொண்ட ஜிபிஎஸ்ஸுக்கு 5 அமைச்சர்கள், அதில் ஒருவர் துணைப் பிரதமர்.

“இடத்தைப் பார்த்துப் பங்கு போடவில்லை ஐயா, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துப் போட்டிருக்கிறார்கள்,” என்றார்.

எனக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை. ஜ.செ.க. போவதற்கு வேறு இடம் இல்லை. ஜிபிஎஸ்ஸுக்கு உண்டு. போக இடம் இருப்பவனுக்குத்தான் பந்தியில் முதல் இலை. ஓர் இடம் மட்டும் வைத்திருந்த ம.இ.கா.வுக்கும் இரண்டு இடங்கள் வைத்திருந்த ம.சீ.ச.வுக்கும் (மலேசிய சீனர் சங்கம்) அமைச்சரும் இல்லை, துணையமைச்சரும் இல்லை. 1955 முதல் அமைச்சரவையில் நாற்காலி வைத்திருந்த கட்சிகள், தங்கள் கூட்டணி ஆட்சியில் பங்கு பெற்றும் வெளியே நின்றன. 30 என்ற எண்ணில் ம.இ.கா.வின் ஒன்றும் அடக்கம் என்பதை அந்தக் கட்சிக்காரர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அது உறைக்காததிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆனால் இந்தக் கடையில் நான் கற்றது அமைச்சர்களின் கணக்கை அன்று. துணையமைச்சர் கட்டத்தைப் படிக்கும் முறையைத்தான். நான் முதன்முறை கடிதம் எழுதச் சொன்னபோது அமைச்சர் பெயரை மட்டும் கொடுத்தேன். அந்த அம்மாள் தட்டச்சு செய்து முடித்துவிட்டுக் கீழே ‘எஸ்.கே.’ என்று இரண்டு எழுத்துப் போட்டு நிறுத்தினார். மலாய்க் கடிதங்களில் நகல் யார் யாருக்குப் போகிறது என்று சொல்லும் இடம் அது.

“துணையமைச்சர் வேண்டாமா?”

“அமைச்சருக்கே அனுப்புகிறோமே, எதற்கு?”

“ஒரே கட்சியாக இருந்தால் வேண்டாம்,” என்று சுவரைக் காட்டினார்.

புள்ளிகளைப் பார்த்தேன். அதன் பிறகு எந்த அமைச்சரவைப் பட்டியலையும் என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. 2023 டிசம்பர் மாற்றத்துக்குப் பிறகான பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்துறையில் அமைச்சர் பிகேஆரின் சைபுடின் நசுத்தியோன், துணையமைச்சர் அம்னோவின் ஷம்சுல் அனுவார். தற்காப்பில் தலைகீழ்: அமைச்சர் அம்னோவின் காலிட் நோர்டின், துணை அமானாவின் அட்லி ஸஹாரி. போக்குவரத்தில் ஜ.செ.க.வின் அந்தோணி லோக், பக்கத்தில் ஜிபிஎஸ்ஸின் ஹஸ்பி ஹபிபொல்லா. சுகாதாரத்தில் அமானாவின் சுல்கிப்ளி அஹ்மட், துணைக்கு ஜிபிஎஸ்ஸின் லுக்கானிஸ்மான். சட்டத்துக்கு அம்னோவின் அசாலினா ஒத்மான், அவருக்குத் துணை ஜ.செ.க.வின் எம். குலசேகரன், அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவரும் ஜ.செ.க.வின் ராம்கர்பால் சிங். மேடையில் ஒருவரை ஒருவர் இருபது ஆண்டு திட்டிக்கொண்ட கட்சிகள் ஒரே அலுவலக மாடியில், எதிரெதிர் அறையில். கூட்டணி அரசாங்கம் என்பது அமைச்சரவைக் கூட்ட மேசையில் மட்டும் இல்லை, ஒவ்வொரு அமைச்சின் உள்ளேயும் இருக்கிறது. ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். விலக்கும் உண்டு: வெளியுறவில் முகமட் ஹசான், அவருக்குத் துணை முகமட் அலாமின், இருவருமே அம்னோ. அங்கே மட்டும் சுவரில் ஒரே வண்ணப் புள்ளிகள்.

ஆகவே அந்த அம்மாளின் முறை இது. கடிதம் அமைச்சருக்கு. முதல் நகல் துணையமைச்சருக்கு. இரண்டாவது நகல் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு, அவர் எதிர்க்கட்சியாக இருந்தாலும். மூன்றாவது நகல், கட்டாயம், அமைச்சின் தலைமைச் செயலாளருக்கு, ஏனென்றால் அவர் பெயர்தான் அவ்வளவு சீக்கிரம் மாறாது. யாருக்கெல்லாம் நகல் போகிறது என்று கடிதத்தைத் திறக்கும் எல்லாருக்கும் தெரியும். இதுதான் சேவை. தட்டச்சுக்கு நாம் பணம் கொடுப்பதில்லை, அந்த நான்கு வரிகளுக்குத்தான் கொடுக்கிறோம்.

மரியாதைப் பட்டங்களிலும் அவர் கெட்டிக்காரர். பிரதமருக்கும் இரண்டு துணைப் பிரதமர்களுக்கும் ‘யாங் அமாட் பெர்ஹோர்மாட்’, மற்ற அமைச்சர்களுக்கு ‘யாங் பெர்ஹோர்மாட்’. முன்பு பிரதமர் முஹிடின் காலத்தில் 2021 ஜூலை வரையிலும், பிறகு பிரதமர் இஸ்மாயில் சப்ரி காலத்திலும் துணைப் பிரதமரே இல்லை, அதற்குப் பதிலாக நான்கு முதுநிலை அமைச்சர்கள். அப்போது யாரை மேலே போடுவது என்று அழைப்பிதழ் அடிக்கும் கடைகள் எல்லாம் முழி பிதுங்கின. இவர் அப்போதும் பிசகவில்லையாம், தாமே சொல்லிக்கொண்டார். மேலவை வழியாக வந்த அமைச்சர்களுக்குச் ‘செனட்டர்’ என்று சேர்ப்பார், பென்சிலில் பக்கத்தில் ஒரு தேதியும் குறித்து வைப்பார். மேலவைத் தவணை மூன்றாண்டு, இரண்டு தவணைக்கு மேல் கிடையாது. முதலீடு, வர்த்தக அமைச்சராக இருந்த தெங்கு ஸப்ருல் அப்படித்தான் 2025 டிசம்பர் தொடக்கத்தில் தவணை முடிந்து வெளியேறினார். அந்தத் தேதி இவர் சுவரில் வெகு காலமாகவே இருந்தது.

இனி, இந்தக் கடைக்காரரோடு எனக்கு வருடா வருடம் வரும் சண்டை. பொங்கல் ஜனவரி நடுவில். அச்சுக்கு டிசம்பர் முதல் வாரமே கொடுத்தால்தான் நிம்மதி. ஆனால் அமைச்சரவை விவகாரங்களுக்கும் டிசம்பர்தான் பிடித்திருக்கிறது. முதல் பட்டியல் 2022 டிசம்பர் 2. முதல் பெரிய மாற்றம் 2023 டிசம்பர் 12. அடுத்தது 2025 டிசம்பர் 16. நம் பொங்கலைக் குறிவைத்தே செய்கிறார்களோ என்று எங்கள் பொருளாளர் கேட்கிறார். மாற்றம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்துவிட்டால் இந்த அம்மாள் அமைச்சர் பெயர் போட்ட அழைப்பிதழை அச்சுக்கு ஏற்க மாட்டார். அறிவிப்பு வந்த பிறகும் ஏற்க மாட்டார். இஸ்தானா நெகாரா அரண்மனையில் மாமன்னர் முன் பதவிப் பிரமாணம் முடிந்த பிறகுதான். அப்போதும் புதிய அமைச்சாக இருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கச் சொல்வார். எந்த இலாகா யாரிடம் போகிறது என்பதை 1969ஆம் ஆண்டு அமைச்சர் பணிகள் சட்டத்தின் கீழ் வரும் ஆணைதான் முடிவு செய்கிறது, செய்தித்தாள் முடிவு செய்வதில்லை என்று எனக்குப் பாடம் எடுத்தார். 2023இல் தொடர்புத் துறையும் இலக்கவியலும் (டிஜிட்டல்) இரண்டு அமைச்சுகளாகப் பிரிந்தபோது அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியாக இருப்பதும் அழைப்பிதழ் கைக்கு வருவதும் வேறு வேறு. அந்த ஆண்டு எங்கள் அழைப்பிதழ் போகிப் பண்டிகைக்கு மூன்று நாள் முன்புதான் வந்தது. இதில் பாதிப் பழி அரசாங்கத்தின் நாட்காட்டிக்கு, பாதி இவருடைய பிடிவாதத்துக்கு.

அந்த ஆண்டு வேறொரு தகராறும் நடந்தது, கடையில் இல்லை, எங்கள் சங்கக் கூட்டத்தில். 2022 அமைச்சரவையில் தமிழர் என்று ஒருவர்தான், மனிதவள அமைச்சர் வி. சிவகுமார். 2018இல் குலசேகரன், சேவியர் ஜெயகுமார், கோபிந்த் சிங் டியோ, வேதமூர்த்தி என நான்கு இந்திய அமைச்சர்களைப் பார்த்த கண்ணுக்கு ஒருவர் என்பதே குறைவு. 2023 டிசம்பரில் அவரும் விலக்கப்பட்டு மனிதவளம் ஸ்டீவன் சிம்மிடம் போனது. கோபிந்த் சிங் இலக்கவியல் அமைச்சராகத் திரும்பி வந்தார், அவர் சீக்கியர். தமிழருக்கு மூன்று துணையமைச்சர்கள்: குலசேகரன், சரஸ்வதி கந்தசாமி, ஆர். ரமணன். முழு அமைச்சர் இல்லை. காப்பிக் கடையில் இருந்து நாளிதழ் வரை இதே பேச்சு. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் நம் துணையமைச்சர் ஒருவரை அழைக்க வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் எந்த இனமாக இருந்தால் என்ன, முழு அமைச்சரை அழைத்தால்தான் மண்டபத்துக்குக் கூரை வரும் என்றார்கள். கடைசியில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரை அழைத்தோம். அந்த அம்மாள் அந்த அழைப்பிதழை ஒரே நாளில் அடித்துக் கொடுத்தார்.

எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர் அமைச்சரானால் நமக்கு வேலை நடக்கும் என்ற எண்ணம் தேசிய முன்னணிக் காலத்து எண்ணம். அன்று ஒரு சமூகத்துக்கு ஒரு கட்சி, ஒரு கட்சிக்கு ஒரு கதவு. இன்று இந்தியச் சமூக மேம்பாட்டுப் பிரிவான மித்ராவை எடுத்துக்கொண்டால் அது ஒரு சமயம் பிரதமர் துறையில் இருக்கிறது, இன்னொரு சமயம் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சில் இருக்கிறது. அந்த அமைச்சின் பொறுப்பிலோ சரவாக்கைச் சேர்ந்த ஆரோன் அகோ டகாங். நமக்கு வேண்டியது எந்தக் கதவு என்று தெரிந்தவர்கள். அதற்காக முகத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2025 டிசம்பரில் ரமணன் மனிதவள அமைச்சரானார் என்று கேட்டபோது எங்கள் மாடியில் பட்டாசு வெடித்தவர்களில் நான் இல்லை, சத்தம் கேட்டு முகம் சுளிக்கவும் இல்லை.

குறைகள். முதலாவது தமிழ். மலாய்க் கடிதத்தில் ஒரு காற்புள்ளி தவறாத இந்தக் கடை, தமிழில் ஒற்றெழுத்தைக் கண்டால் நடுங்குகிறது, அல்லது தேவையில்லாத இடத்தில் வாரி இறைக்கிறது. எங்கள் அழைப்பிதழ் ஒன்றில் ‘வரவேற்ப்புரை’ என்று வந்தது. ‘ற்’ போட்ட பிறகு எதற்கு ‘ப்’ என்று கேட்டால், கணினியில் இருக்கும் பழைய கோப்பு அப்படித்தான் இருக்கிறது என்று பதில். அந்தக் கோப்பிலிருந்து எத்தனை கோயில், எத்தனை சங்கம், எத்தனை பள்ளி விழாவுக்கு அடித்திருப்பார்களோ. அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தப் படிவம் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் தர மாட்டார்கள்.

இரண்டாவது, கட்டணம். கடிதம் ஒன்றுக்கு 15 வெள்ளி (ரிங்கிட்), ஒவ்வொரு நகலுக்கும் 2 வெள்ளி. அது நியாயம். ஆனால் அமைச்சர் மாறினால் மறுபடி அச்சடிக்கப் பாதிப் பணம் கேட்கிறார். அமைச்சரை நானா மாற்றினேன் என்றேன். “நான் மட்டும் மாற்றினேனா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் கொடுத்துவிட்டேன், ஆனாலும் அது அதிகம் என்பது என் கருத்து.

மூன்றாவது, இருக்கை. இரண்டே நாற்காலிகள். டிசம்பரில் கோயில் செயலாளர்களும் சங்கச் செயலாளர்களும் படிக்கட்டு வரை நிற்கிறார்கள். முட்டிவலிக்காரர்கள் காலையில் போங்கள்.

கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். கடையில் ஒரு தம்பி இருக்கிறார். வாரம் ஒருமுறை கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறிப் புத்ராஜெயாவுக்குப் போய், எல்லாருடைய கடிதங்களையும் அந்தந்த அமைச்சின் முகப்பில் கொடுத்து, நம் நகலில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் வாங்கி வருகிறார். எத்தனை கடிதமானாலும் ஒரு சங்கத்துக்கு 20 வெள்ளி. பழைய அஞ்சல்காரன் நானே தபால் தலை ஒட்டாமல் இதற்குப் பணம் கட்டுகிறேன் என்றால் புரிந்துகொள்ளுங்கள். முத்திரை வைத்த நகலைக் கோப்பில் வையுங்கள்; அடுத்து யார் அமைச்சராக வந்தாலும் அடுத்த கடிதத்தில் முதல் வரியாக அந்தத் தேதியைத்தான் அந்த அம்மாள் போடுவார்.

ஞாயிறு விடுமுறை, மற்ற நாள்களில் காலை பத்து முதல் மாலை ஆறு வரை. கார் நிறுத்த இடம் கிடைக்காது, மோனோரயிலில் போனால் நடை தூரம்தான். சங்கப் பதிவு எண்ணையும் கையெழுத்துப் போடுபவரின் அடையாள அட்டை நகலையும் எடுத்துப் போங்கள். பணமாகக் கொடுக்க வேண்டும், அட்டை வாங்குவதில்லை.